நூற்றுப் பன்னிரண்டாம் சீசா

சிங்காநல்லூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் அந்த பங்களா இருந்தது. காலேஜ் மியூசியம் என்று வாசலில் போர்டு தொங்கினாலும், அக்கம்பக்கத்து மில் தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் 'செத்த பங்களா'. உள்ளே உயிரோடு இருப்பது அட்டெண்டர் ஐயாசாமி ஒருத்தர்தான், மற்றதெல்லாம் பஞ்சடைத்தது அல்லது சீசாவில் ஊறுவது என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஐயாசாமியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். ஆனால் வீட்டுக்குப் போனதும் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். எதற்கு இப்படிக் கழுவுகிறீர்கள் என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்விட்டாள்.

1996, ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. விடாத தூறல். குடையை மடக்கிக்கொண்டு ஐயாசாமி பங்களாவின் கதவைத் திறந்தபோது அந்தப் பழகிய வாசனை முகத்தில் அடித்தது. பார்மலின், ரசகற்பூரம், நாள்பட்ட தோல்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. காய்ச்சாத பாலின் வாசனை.

ஐயாசாமி காலண்டரைப் பார்த்தார். நவம்பர் ஆறு. 'ஆமாம், இன்றைக்குத்தானே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த வாசனை அவருக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் இதே நாளில் வருவதுதான்.

பின்னாலேயே மதிவதனி மேடம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள். விலங்கியல் துறைக்கு ஆறு மாதம் முன்புதான் தலைவியானவள். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. காலேஜில் புதிதாகக் கட்டியிருக்கும் கூடத்துக்கு மியூசியத்தை மாற்றுவதென்று முடிவாகி, அன்றைக்குப் பொருள்களைப் பட்டியல் போட வந்திருந்தாள்.

"ஐயாசாமியண்ணா, இந்த அலமாரியிலிருந்து ஆரம்பிச்சுக்கலாங்களா?"

அவள் காட்டியது கூடத்தின் நடுச்சுவரை முழுக்க அடைத்து நின்ற தேக்கு அலமாரி. மில் முதலாளி சுந்தரராஜுலு, அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிப் போய், அங்கே பெரிய மனிதர்களின் மாளிகைகளில் பார்த்ததைப் பார்த்து இங்கே செய்துவைத்தது. கண்ணாடிக் கதவு, நூறு இழுப்பறை. இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி, இருவாச்சியின் அலகு, ரம்பம் மாதிரிப் பல் வைத்த மீன் மூக்கு, யானைக் காலில் செய்த முக்காலி, ஆனைமலையில் சுட்ட சிறுத்தை. எது எதோடு சேரும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. விருந்தாளிகள் வந்தால் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் காலமான பிறகு பிள்ளைகள் பங்களாவோடு எல்லாவற்றையும் காலேஜுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"மியூசியம்ங்கறதே இப்படித்தாங்கண்ணா பொறந்துச்சு" என்றாள் மதிவதனி, இழுப்பறையிலிருந்து ஒரு சங்கை எடுத்துத் துடைத்தபடி. "ராஜாக்களும் பணக்காரங்களும் கண்ணுல பட்ட அதிசயத்தையெல்லாம் ஒரு ரூமுக்குள்ள குவிச்சு வெச்சாங்க. அப்புறமா வந்தவங்க உக்காந்து, இது பறவை, இது மீனுன்னு இனம் பிரிச்சாங்க. எங்க கிடைச்சுது, எப்பக் கிடைச்சுது, யாரு குடுத்தாங்கன்னு சீட்டு எழுதிக் கட்டினாங்க. அந்தச் சீட்டுதான் வேடிக்கை காட்டற அலமாரியை மியூசியமா மாத்துச்சு. சீட்டு இல்லாத பொருள் குப்பைங்க."

"ஆமாங்க மேடம்."

"நெறைய சீட்டுல 'கொடுத்தவர்'ங்கற இடம் காலியாக் கிடக்குது. இருவத்தஞ்சு வருஷமா இங்கயே இருக்கறீங்க. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இருக்காதல்லோ? சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்."

வேறு வழியில்லாமல் ஐயாசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமை ஓடு வால்பாறை எஸ்டேட் துரை கொடுத்தது. வெள்ளைக் காக்காய் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு மாட்டு வியாபாரி கொடுத்தது. மனுஷனுக்கு ஞாபகம் கல்வெட்டுதான். மேடம் எழுதிக்கொண்டே வந்தாள். நூற்றுப் பத்து ஆயிற்று. நூற்றுப் பதினொன்றும் ஆயிற்று. உள்ளறைக்குப் போய், கீழ்த்தட்டுச் சீசாவுக்கு முன்னால் குனிந்து, கண்ணாடி வழியாகச் சீட்டைப் படித்தாள்.

"நூத்திப் பன்னெண்டு. மனிதக் கரு, முழு வளர்ச்சி, பெண். இடம் கோயமுத்தூர். ஆறு பதினொண்ணு எழுவத்தி நாலு." அவள் நிமிர்ந்தாள். "அடடே, இன்னிக்கோட இருவத்தி ரெண்டு வருஷம். யாருங்கண்ணா குடுத்தது?"

"தெரியலீங்க மேடம்."

"எழுத்து உங்களுதாட்டவே இருக்குது?"

"அப்ப இருந்த புரொபசர் சொன்னாருங்க, நான் எழுதினேன். வேற தெரியாதுங்க."

இது பொய். கேட்கிறவர்களுக்காக உண்மையை நான் சொல்லிவிடுகிறேன், அவர் வாயால் வர நேரமாகும்.

ஐயாசாமிக்கு ஒரே அக்கா, ராமாத்தாள். தோட்டங்காட்டில் களை எடுத்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். கல்யாணமாகி மூன்று கரு கலைந்து, நாலாவது எப்படியோ நிறைமாசம் வரைக்கும் நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது, ஆனால் அழவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப் போன குழந்தையைத் தாய்மாமன்தான் கையில் ஏந்திப் போய் மண்ணில் வைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி ஐயாசாமியின் கையில் கொடுத்தபோது, கட்டிலில் கிடந்த ராமாத்தாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏரிக்கரை வேலமரத்தடியில பதனமா வெச்சுரு கண்ணு. மாமன் கையால வெச்சா அடுத்தது தங்கும்னு சொல்றாங்க."

அந்த வாரம் பல்கலைக்கழகத்து ஆட்கள் துறையைப் பார்வையிட வருவதாக இருந்தது. நிறைமாசக் கரு ஒன்று அலமாரியில் இல்லை என்று புரொபசர் பத்து நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ஐயாசாமி அப்போது தற்காலிக ஆள். ஒன்று கொண்டுவந்து கொடு, உன் வேலையை நிரந்தரமாக்குவது என் பொறுப்பு என்று அவர் சொல்லியிருந்தார். ஏரிக்கரைக்குப் போகும் வழியில்தான் பங்களா. ஐயாசாமியின் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மண்ணில் போனால் என்ன, கண்ணாடியில் இருந்தால் என்ன, உயிரில்லாததுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனுஷன் செய்கிற காரியமா இது? செய்துவிட்டார். மை பார்மலினில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலில் சீட்டு எழுதி, இடது காலில் நூலால் கட்டினார். கொடுத்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டார். சுற்றியிருந்த துணியைப் பின்கட்டு அடுப்பில் போட்டு எரித்தார். ஏரிக்கரையில் வேலமரத்தடியில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போய், வைத்துவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னார்.

வேலை நிரந்தரமாயிற்று. அக்காவுக்கு அடுத்தது தங்கவில்லை. அதற்கப்புறம் உண்டாகவே இல்லை. அவள் புருஷன் வேறொருத்தியோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான்.

ராமாத்தாள் வருஷம் தவறாமல் அந்த நாளில் கல்லுக்குப் பால் ஊற்றினாள். மூன்றாவது வருஷம்தான் ஐயாசாமி கவனித்தார். அவள் பால் ஊற்றிய அன்று சாயங்காலம், சீசாவுக்குள் மருந்து வெள்ளையாகக் கலங்கியிருந்தது. மருந்தை மாற்றினார். அடுத்த வருஷமும் அப்படியே. பழைய மருந்து அப்படித்தானுங்க என்று கேட்டவர்களிடம் சொல்லிச் சமாளித்தார். பத்தொன்பது வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"சரிங்க, யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று மதிவதனி அந்த வரியைக் காலியாக விட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, ஐயாசாமி இருக்குதுங்களா?"

ராமாத்தாள். நனைந்த சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் பால் சொம்போடு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. ஐயாசாமி ஓடிப்போய்ப் படியிலேயே மறித்துக்கொண்டார்.

"என்னக்கா, இங்கத்த வந்துட்டே?"

"கரையை அகலப்படுத்தி ரோடு போடறாங்க கண்ணு. வேலமரத்தை வெட்டிபோட்டாங்க. கண்ணையான்னு ஒரு மேஸ்திரி, நல்ல மனுசன். மத்தியானம் மிசினு வந்துரும், அதுக்குள்ள வேணும்னா எடுத்துக்கோங்கம்மான்னு சொன்னாரு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "எலும்பாச்சும் இருக்குமல்லோ? அப்பன் குழிக்குப் பக்கத்துல வெச்சுரலாம். வெச்ச கைதான் எடுக்கோணும். வா."

"நீ முன்னாடி போக்கா. மேடத்துக்கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவள் போகாமல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். காற்றை மோந்து பார்த்தாள்.

"உள்ள யாரு ஊட்டுப் புள்ளை கண்ணு? பால் குடிக்கற புள்ளை வாசம் அடிக்குது."

"புள்ளையா? இங்கயா? நீ போக்கா!" என்று கிட்டத்தட்ட அதட்டியே அனுப்பினார்.

அப்போது அவருக்குத் தோன்றிய யோசனையைப் பாருங்கள். சீசாவைத் தூக்கிக்கொண்டு குறுக்குவழியில் அவளுக்கு முந்திப் போய்விட வேண்டும். கல்லுக்கடியில் குழந்தையை வைத்து மண்ணைத் தள்ளி, அவள் முன்னாலேயே தோண்டி எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அவள் வயசுக்குக் கண் சரியாகத் தெரியாது, துணியில் சுற்றிக் கொடுத்தால் போதும். இருபத்திரண்டு வருஷத்துப் பொய் இன்றோடு உண்மையாகிவிடும். இப்போதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மதிவதனி முன்னறையில் பட்டியலில் மூழ்கியிருந்தாள். ஐயாசாமி சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, சீசாக்கள் இருக்கும் உள்ளறைக்குப் போனார்.

கரண்ட் போயிற்று.

மழை இருட்டு. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் வரிசையாகச் சீசாக்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பாம்பு, தேள், ஆட்டுக்கரு. எல்லாம் இருந்தபடி இருந்தன.

டக்.

நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். ஐயாசாமி நின்றார். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டக். டக்.

கீழ்த்தட்டின் கோடியிலிருந்து வந்தது. நூற்றுப் பன்னிரண்டு இருக்கும் இடம்.

குனிந்து பார்த்தார். சீசா முழுக்க வெள்ளை. இத்தனை வருஷமும் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். இன்றைக்குக் கழுத்து வரைக்கும் பாலாகவே நின்றது. உள்ளே இருப்பது தெரியவில்லை. அக்கா இன்னும் பால் ஊற்றவே இல்லையே என்று நினைத்தார்.

தொட்டார். சூடாக இருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கின சூடல்ல. உடம்புச் சூடு.

"மன்னிச்சுக்கோ சாமி" என்று வாய் தானாக முனகியது. அதைச் சாக்கில் போர்த்தி, மார்போடு அணைத்துத் தூக்கினார். பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். பின்கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார்.

சோளக்காட்டு வரப்பில் நடந்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இல்லாமல் வேறு எப்படியாவது பிடிக்கலாம் என்று பார்த்தார், முடியவில்லை. வாய்க்காலைத் தாண்டும்போது கனம் குறைந்தாற்போல இருந்தது. மழையில் கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்தார். கரை ஏறும்போது இன்னும் குறைந்தது. மேலே வந்து சேர்ந்தபோது கையில் வெறும் சாக்குதான் இருப்பது போல இருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தார்.

சீசாவுக்குள் தெளிந்த தண்ணீர். மூடி மெழுகு உடையவில்லை.

உள்ளே எதுவும் இல்லை.

"வந்துட்டியா கண்ணு" என்று அக்காவின் குரல் கேட்டது.

அவள் அவருக்கு முந்திவிட்டிருந்தாள். வெட்டின வேலமரத்து வேரடியில், கல் பெயர்த்துப் போட்டிருந்த இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. அதன் ஓரத்தில் ராமாத்தாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணி மூட்டை. நீலக்கரை போட்ட ஆஸ்பத்திரித் துணி. ஐயாசாமி தன் கையால் அடுப்பில் போட்டு எரித்த அதே துணி.

தலையில் துண்டு கட்டின மேஸ்திரி கண்ணையா நாலு எட்டுத் தள்ளி நின்றார். கையில் மண்வெட்டி.

"மிசினு வந்துருமேன்னு ரெண்டு வெட்டுத்தானுங்க போட்டேன். மேலாகவே இருந்துச்சுங்க. இருவத்தி ரெண்டு வருசம்னு இந்தம்மா சொல்லுது. அது எப்படீங்க? நேத்துப் பொறந்த புள்ளையாட்ட இருக்குதுங்களே!"

ராமாத்தாள் துணியை விலக்கிக் காட்டினாள். வெளுத்த சின்ன முகம். மூடின கண். மடங்கின வலது கட்டைவிரல். இருபத்திரண்டு வருஷம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஐயாசாமி பார்த்த முகம்தான். கடைவாயில் ஒரு சொட்டுப் பால் காயாமல் நின்றது.

"சாமி எம்புள்ளையை அழுகவே விடலை, பாத்தியா? நாந்தான் வருசத்துக்கு ஒருக்காத்தான் ஊத்துவேன், அதுலயே பசியாறிக் கிடந்திருக்குது" என்றாள் ராமாத்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம். "கால்ல என்னமோ கட்டியிருக்குது கண்ணு. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. என்னன்னு படி."

இடது காலில் சீட்டு. அந்த நூல், அந்தத் தாள், அந்தப் பென்சில்.

பொய் சொல்ல அப்போதும் அவருக்கு வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியது அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சீட்டைத் திருப்பக் கையை நீட்டினார்.

அவர் சுண்டுவிரலை ஏதோ பற்றிக்கொண்டது.

மெதுவாக. ஆனால் இறுக்கமாக.

ஐயாசாமி மண்டி போட்டுவிட்டார். ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எண் நூத்திப் பன்னெண்டு. மனிதக் கரு, முழு வளர்ச்சி, பெண். இடம் கோயமுத்தூர். நாள் ஆறு பதினொண்ணு எழுவத்தி நாலு."

கடைசி வரியை அவர் எழுதியதே இல்லை. காலையில் மேடம் பார்த்தபோதுகூடக் காலியாக இருந்த வரி. இப்போது அதில் அவருடைய எழுத்தே இருந்தது.

"கொடுத்தவர்..."

"கொடுத்தவர் யாரு?"

"தாய்மாமன்."

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. புரொபசர், வேலை, சீசா, எரித்த துணி, வெறும் கல், வருஷா வருஷம் கலங்கின மருந்து எல்லாவற்றையும் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணையா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். ராமாத்தாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அவர் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள். "வெளிச்சத்துலயா வெச்சிருந்தே? எல்லாரும் பாக்கற மாதிரியா?"

"ஆமாக்கா."

"துணி இல்லாமயா?"

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"உக்காரு" என்றாள். "காது குத்துக்கு மாமன் மடியில வெச்சிருக்கோணும். சீருக்கு முன்னாடி நின்னிருக்கோணும். ஒண்ணுமில்லாமப் பண்ணிபோட்டே. இன்னிக்கு உக்காரு."

சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் குழந்தையை அவர் மடியில் கிடத்தி, சொம்புப் பாலை அதன் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பால் வழியவில்லை. சொம்பு காலியாகும் வரைக்கும் ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை. கண்ணையாவும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார், அதை மூன்று பேருமே பார்த்தார்கள்.

பிறகு அப்பன் குழிக்குப் பக்கத்தில், ஐயாசாமி தன் கையாலேயே தோண்டி, கையாலேயே வைத்து, கையாலேயே மண் தள்ளினார். காரியம் முடிந்ததும் ராமாத்தாள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவரைக் கண்ணு என்று தவிர வேறு மாதிரிக் கூப்பிடாதவள்.

"ஐயாசாமி, இனி எங்கூட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவர் பங்களாவுக்குப் போகவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் உக்கடம் பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்துச் சீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா, கூடையில் மருக்கொழுந்தும் மல்லியுமாக வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. கோயமுத்தூர் ராமநாதபுரம் திருப்பத்தில் ஒரு குலுக்குக் குலுக்கியது.

அந்த அம்மா சட்டென்று கையை நீட்டி, அவர் மடிக்கு மேலே காற்றைத் தாங்கினாள்.

"ஏனுங்க, தலைக்குக் கை குடுத்துப் புடிங்க. பச்சைப் புள்ளைக்குக் கழுத்து நிக்குமுங்களா?"

ஐயாசாமி குனிந்து பார்த்தார். மடியில் ஒன்றுமில்லை. சேறு காய்ந்த வேட்டிதான் இருந்தது. அதன் நடுவில் புதிதாக ஒரு ஈரம், சின்ன வட்டமாக, வெதுவெதுப்பாக. காய்ச்சாத பால் வாசனை.

இடது கையை மெல்ல வளைத்து, அவள் காட்டிய இடத்தில் கொடுத்தார். உள்ளங்கையில் கனம் வந்து படிந்தது.

உக்கடம் வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. அங்கே எல்லாரும் இறங்கிய பிறகும் இறங்கவில்லை.